கரி பிடித்த கதை

கரிக்கு நம் வீடுகளில் பெரிய மரியாதை ஒன்றும் இருந்ததில்லை. அதில் பல் துலக்கினோம், இஸ்திரிப் பெட்டியில் போட்டோம், மணலோடு சேர்த்துப் பானையில் இட்டுத் தண்ணீர் வடிகட்டினோம். முகத்தில் பூசினால் அவமானம் என்றும் சொல்லிவைத்தோம். அதே கரிக்கு இப்போது ஆய்வுக்கூடங்களில் புதிய உத்தியோகம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்: ஆற்றிலும் ஏரியிலும் கலந்துவிட்ட ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பிடித்து வெளியேற்றும் வேலை. அதற்கு நல்ல மரம்கூட வேண்டாம். சிரட்டை, உமி, கடலைத் தோல், கரும்புச் சக்கை, சாக்கடைக் கசடு என்று தூக்கிப் போடுகிற எதைச் சுட்டாலும் போதும் என்கிறார்கள்.

புத்தம்புது யோசனை மாதிரி இருக்கிறது. ஆனால் கரியின் பழைய கணக்கைப் புரட்டினால் இரண்டு விஷயங்கள் தெரியவருகின்றன. கழிவிலிருந்து பிறப்பது கரிக்கு இருநூறு வருடப் பழக்கம். ஆன்டிபயாடிக்கோடு அதற்கு உள்ள உறவோ, அந்த மருந்துகள் பிறந்த நாளிலிருந்தே தொடங்குகிறது.

கரிக்கு இழுக்கும் குணம் உண்டென்பதை முதலில் வாயுக்களை வைத்துத்தான் கண்டுகொண்டார்கள். 1773-ல் ஸ்வீடனின் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, கரி காற்றை உள்வாங்குவதையும், சூடாக்கினால் திருப்பிக் கக்குவதையும் பார்த்து எழுதிவைத்தார். நான்கு வருடம் கழித்து இத்தாலியின் ஃபெலிசே ஃபோன்டானா, தகதகவென்று கனிந்த கரியைப் பாதரசத்தில் அமிழ்த்தி அணைத்து, ஒரு குழாய்க்குள் அடைத்திருந்த வாயுவின் கீழே விட்டார். கரித்துண்டு தன் பருமனைப் போலப் பல மடங்கு வாயுவை விழுங்கிவிட்டது. வேடிக்கையான சோதனைதான், அதனால் யாருக்கும் காசு வரவில்லை.

காசு வந்தது ரஷ்யாவில், அதுவும் தற்செயலாக. டோபியாஸ் லோவிட்ஸ் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பிறந்தவர். தந்தை வானியலாளர். ஆராய்ச்சிப் பயணத்தில் வோல்கா நதிப் பக்கம் போயிருந்த தந்தையை 1774-ல் புகச்சோவின் கலகக்காரர்கள் பிடித்துக் கொன்றார்கள். பதினேழு வயதில் தகப்பனை இழந்த பையன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய் அரசு மருந்தகத்தில் வேலை கற்றுக்கொண்டான். அங்கே 1785-ல் டார்டாரிக் அமிலத்தைக் காய்ச்சிப் படிகமாக்க முயன்றபோதெல்லாம் கரைசல் பழுப்பேறிப்போய் அவருக்குத் தலைவலி கொடுத்துக்கொண்டிருந்தது. அதில் கரித்தூள் சேர்ந்ததும் பழுப்பு மாயமானது. கரி ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு அவர் வைத்திருந்த விளக்கம் முழுத் தவறு. எரிகிற பொருள்களுக்குள் ‘ஃப்ளோஜிஸ்டன்’ என்ற ஒன்று ஒளிந்திருப்பதாக நம்பிய காலம் அது. ஆனால் மனிதர் விளக்கத்தோடு நிற்காமல், கைக்குக் கிடைத்த எல்லாத் திரவத்திலும் கரியைப் போட்டுப் பார்த்தார். தேன் தெளிந்தது. தண்ணீரின் வாடை போனது. தானியச் சாராயத்தின் முரட்டு நெடி குறைந்தது. ரஷ்யர்கள் கடைசிச் செய்தியைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வோட்காவைக் கரி வழியே வடிப்பது இன்றுவரை தொடர்கிறது. இந்த வோட்கா வடிகட்டியை நினைவில் வையுங்கள். 130 வருடம் கழித்துப் போர்க்களத்துக்கு வரப்போகிறது.

சாராயத்துக்கு அடுத்து சர்க்கரை. கரும்புச் சாற்றின் பழுப்பை நீக்கி வெள்ளையாக்க மாட்டு இரத்தம், முட்டை வெள்ளைக்கரு, சுண்ணாம்பு என்று எதையெதையோ கலந்துகொண்டிருந்த ஐரோப்பியச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரி பெரும் வரமாக வந்தது. 1794-லேயே இங்கிலாந்தின் ஓர் ஆலை கரியைப் பயன்படுத்தத் தொடங்கி, விஷயத்தை வெளியே விடாமல் வைத்துக்கொண்டது. இப்படிப்பட்ட ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? 1811-ல் பிரான்சின் மான்ட்பெலியே நகரத்து மருந்தாளர் பியேர் ஃபிகியே, மரக்கரியைவிட எலும்புக் கரி நிறத்தை நன்றாக இழுக்கிறது என்று காட்டினார். மறு வருடமே சார்ல் டெரோன் அதைச் சர்க்கரைக்குக் கொண்டுபோனார். நேரமும் கூடி வந்தது. நெப்போலியன் இங்கிலாந்தோடு வாணிபத்தை முடக்கியிருந்ததால், பிரான்சுக்குக் கரும்புச் சர்க்கரை வரத்து நின்றுபோயிருந்தது. பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்தாக வேண்டிய நெருக்கடி. 1812-ல் பெஞ்சமின் டெலெசேர் பாரிஸ் அருகே பாஸியில் பீட்ரூட் சர்க்கரையை வெற்றிகரமாக எடுத்துக்காட்டியபோது, நேரில் போய்ப் பார்த்த நெப்போலியன் தன் சட்டையில் இருந்த லீஜன் ஆஃப் ஹானர் பதக்கத்தைக் கழற்றி அவருக்குக் குத்திவிட்டார் என்பது பிரபலமான கதை. அந்தக் கிழங்குச் சாற்றின் கறுப்பை நீக்கி அதைச் சந்தைக்கு ஏற்றதாக்க எலும்புக் கரி கைகொடுத்தது.

அதன்பின் உலகம் எலும்புக்கு அலைந்தது. கசாப்புக் கடைக் கழிவுக்கு விலை வந்தது. அமெரிக்கப் புல்வெளிகளில் லட்சக்கணக்கில் சுட்டுத்தள்ளப்பட்ட காட்டெருமைகளின் எலும்புகள் வருடக்கணக்காக வெயிலில் வெளுத்துக் கிடந்தன. குடியேறிகள் அவற்றைப் பொறுக்கி வண்டி வண்டியாக ரயில் நிலையங்களில் கொட்டினார்கள். டெட்ராய்ட் பக்கம் மிச்சிகன் கார்பன் ஒர்க்ஸ் வளாகத்தில் 1892-ல் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. எருமை மண்டையோடுகள் மாடி வீட்டு உயரத்துக்குக் குவிந்திருக்கின்றன. உச்சியில் ஒருவர் நிற்கிறார். அந்த மண்டையோடுகள் கரியாகி, யாரோ ஒருவரின் தேநீர்ச் சர்க்கரையை வெளுத்திருக்கும். சீமைச் சர்க்கரையில் எலும்பு இருக்கிறது என்று சுதேசி இயக்கக் காலத்தில் இந்தியாவில் நடந்த பிரசாரம் வெறும் புரளி இல்லை. சர்க்கரைக்குள் எலும்பு தங்குவதில்லை. ஆனால் அது எலும்பின் வழியாகத்தான் வந்தது.

கரியின் இழுவையில் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்த நம்பிக்கை அலாதியானது. 1831-ல் மருந்தாளர் டூயெரி, பிரெஞ்சு மருத்துவக் கழகத்தின் முன்னால், ஆளைக் கொல்லும் அளவைப்போலப் பத்து மடங்கு ஸ்ட்ரிக்னைன் நஞ்சைக் கரித்தூளோடு சேர்த்து விழுங்கிவிட்டு நலமாக நின்றார் என்று மருத்துவ வரலாற்று நூல்கள் சொல்கின்றன. வேடிக்கை பார்த்தவர்களின் இதயம் எப்படித் துடித்திருக்கும் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. இன்றும் நஞ்சு குடித்தவர்களுக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் கறுப்புக் கரைசல் கொடுப்பது இந்த வழியில் வந்த வைத்தியம்தான்.

வெற்றி தலைக்கேறியதில் ஒரு சறுக்கலும் நடந்தது. விக்டோரியா காலத்து லண்டனில் வீட்டுக்கு வீடு எலும்புக் கரி வடிகட்டி வைப்பது நாகரிகமானது. தண்ணீர் தெளிந்தது, வாடை போனது, வாங்கியவர்கள் நிம்மதியானார்கள். 1885-ல் பெர்சி ஃபிராங்க்லாண்ட் கிருமிகளை எண்ணிப் பார்த்தார். புதுக் கரி கிருமிகளைத் தடுக்கிறது. சில வாரம் போனால் அதே கரி கிருமிகளுக்குக் குடியிருப்பாகி, உள்ளே போனதைவிட அதிகம் வெளியே அனுப்புகிறது. கரி எதையும் கொல்வதில்லை. பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த ஒரு குணத்தைத் தெரிந்துகொண்டால் பிறகு வருகிற கதை எல்லாம் எளிதில் புரியும்.

அடுத்த தாவல் ஒரு போலந்துக்காரருடையது. ரஃபாவ் ஆஸ்ட்ரெய்கோ 1900-ஐ ஒட்டி வாங்கிய காப்புரிமைகளில் இரண்டு வழிகள் இருந்தன. மரத்தூளை உலோக உப்போடு பிசைந்து சுடுவது ஒன்று. சுட்ட கரியின் மேல் செஞ்சூட்டில் நீராவியோ கரியமில வாயுவோ பாய்ச்சுவது மற்றொன்று. நீராவி கரியின் உடம்பை உள்ளேயிருந்து அரித்து, கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் தென்படாத கோடிக்கணக்கான துளைகளைப் போட்டுவிடும். இப்படித் ‘தூண்டிய’ கரியைச் சைலீசியாவின் ராட்டிபோர் நகரில் ‘எபோனிட்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். குறிவைத்தது சர்க்கரை ஆலைகளை. ஆனால் முதல் பெரிய வாடிக்கையாளராக வந்தது யுத்தம்.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். நேசநாட்டு வீரர்கள் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு சமாளிக்கப் பார்த்தார்கள். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு மாற்று மருந்தில் துணியை நனைத்தால், எதிரி வாயுவை மாற்றும்போது என்ன செய்வது? ரஷ்ய வேதியியலாளர் நிகோலாய் ஜெலின்ஸ்கி வேறு விதமாக யோசித்தார். எந்த வாயுவானாலும் பிடித்து வைக்கிற ஒரு பொருள் வேண்டும். சாராயத்தைக் கரியால் சுத்தம் செய்யும் கலை அவருக்கு நெருக்கமாகத் தெரிந்திருந்தது. லோவிட்ஸின் வோட்கா வடிகட்டி முகமூடிக்குள் ஏறியது இப்படித்தான். ஜெலின்ஸ்கி அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. மற்ற படைகளும் விரைவிலேயே கரி முகமூடிக்கு மாறின.

எந்தக் கரி நல்லது என்று தேடியபோதுதான் நம் தேங்காய் மேடையேறியது. சிரட்டை அடர்த்தியானது, கடினமானது. சுட்டு நீராவி பாய்ச்சினால் அதில் விழும் துளைகள் வாயு மூலக்கூறுகளுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி சின்னஞ்சிறியவை. அமெரிக்க ராணுவம் சிரட்டைக்கு ஆலாய்ப் பறந்தது. ‘தேங்காய் அதிகம் சாப்பிடுங்கள்’ என்று அமெரிக்கர்களைக் கெஞ்சும் இயக்கமே நடந்தது. அதுவும் போதாமல் பீச், ஆப்ரிகாட் பழக்கொட்டைகளையும் வாதுமை ஓடுகளையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி 1918-ல் செஞ்சிலுவைச் சங்கம் ஊர் ஊராகத் தொட்டிகள் வைத்தது. பள்ளிப் பிள்ளைகள் கொட்டை பொறுக்கினார்கள். ஏழு பவுண்டு கொட்டைக்கு ஒரு முகமூடி என்று கணக்குச் சொன்னார்கள். கிழக்கிலிருந்து சிரட்டையை அப்படியே கப்பலேற்றுவது வீண் செலவு, ஏனென்றால் கரியானால் எடை நான்கில் ஒன்றாகிவிடும் என்று கணக்குப் போட்டு, ஃபிலிப்பைன்ஸிலேயே கரி சுடும் ஆலை திறந்தார்கள். ஆலை சூடுபிடிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. சமையலறைக் குப்பை ராணுவத் தளவாடமானது இப்படித்தான்.

போர் முடிந்தால் கரி ஆலைகளுக்கு யார் சோறு போடுவது? தண்ணீர்தான் போட்டது. சிகாகோவில் தொழிற்சாலைக் கழிவின் பீனால் குடிநீரில் கலந்து, குளோரினோடு சேர்ந்து மருந்துக் கடை நாற்றம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜான் பேலிஸ் போன்ற பொறியாளர்கள் அங்கே தூண்டிய கரியைப் போட்டு நாற்றத்தைப் போக்கினார்கள். 1930-ஐ ஒட்டி நியூஜெர்சியின் ஹாக்கன்சாக் குடிநீர் நிலையமும் கரித்தூளைத் தூவத் தொடங்கியது; பார்த்தவர்கள் எல்லாம் பின்பற்றினார்கள்.

கரிக்குள் அப்படி எவ்வளவு இடம்தான் இருக்கிறது? அளக்க வழி கண்டவர்கள் 1938-ல் மூன்று பேர்: புருனாவர், எம்மெட், டெல்லர். நைட்ரஜன் வாயு எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்து உட்பரப்பைக் கணக்கிடும் அவர்களது சமன்பாட்டைத்தான் இன்றும் எல்லா ஆய்வுக்கூடங்களும் பயன்படுத்துகின்றன. நல்ல தூண்டிய கரி ஒரு கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் தேறும். நம் வீட்டுமனைக் கணக்கில் ஏறத்தாழ நாலரை கிரவுண்டு, ஒரு சிட்டிகைத் தூளுக்குள்! மூவரில் கடைசியாக நிற்கும் எட்வர்ட் டெல்லர் பின்னாளில் ஹைட்ரஜன் குண்டின் தந்தை எனப் பெயரெடுத்தவர். உலகை அழிக்கும் கருவிக்கும் குடிநீர் வடிகட்டிக்கும் நடுவில் இப்படி ஒரு சொந்தம்.

இனி ஆன்டிபயாடிக். 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் பெனிசிலின் ஊசி போடப்பட்டது. நோய் முகமெல்லாம் சீழ் வைத்துப் பரவியிருந்தது; மருந்து ஏறியதும் சட்டென்று தேறினார். ஆனால் அந்தச் சிறு ஆய்வுக்கூடத்தில் இருந்த பெனிசிலின் மிகக் கொஞ்சம், அதுவும் தீர்ந்துகொண்டு வந்தது. உடம்புக்குள் போன பெனிசிலினில் பெரும்பகுதி அப்படியே சிறுநீரில் வெளியேறுவது அவர்களுக்குத் தெரியும். ஆகவே நோயாளியின் சிறுநீரைப் பிடித்து, மிதிவண்டியில் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய், மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் அவருக்கே செலுத்தினார்கள். அப்படியும் பற்றவில்லை. மார்ச் 15 அன்று அவர் இறந்துபோனார்.

ஆன்டிபயாடிக் உடம்பு வழியாக அப்படியே வெளியேறுகிறது என்பதற்கு இது ஒரு பழைய, தெளிவான சாட்சி. அன்று அந்தச் சிறுநீர் தங்கத்துக்குச் சமமாக இருந்ததால் யாரும் அதைக் கழிவு என்று நினைக்கவில்லை.

கரி நுழைவது இங்கேதான். ஆரம்பகாலப் பெனிசிலின் ஆலைகள் பலவற்றில், பூஞ்சை வளர்ந்த கஞ்சியிலிருந்து மருந்தைப் பிடிக்கத் தூண்டிய கரியைத்தான் போட்டார்கள். 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸில் செல்மன் வாக்ஸ்மனின் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டபோதும் அதே உத்திதான்: வளர்ப்புக் கரைசலில் கரியைப் போட்டால் மருந்து கரியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அமிலம் கலந்த நீரால் கழுவினால் விட்டுவிடும். லட்சக்கணக்கான காசநோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்த மருந்தின் ஆரம்ப நாட்களில், அதைத் தண்ணீரிலிருந்து பிரித்துக் கொடுத்தது கரி. இன்று ‘கரியால் ஆன்டிபயாடிக்கை நீரிலிருந்து நீக்குகிறோம்’ என்று ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. எண்பது வருடத்துக்கு முன் அதே வேலையைச் செய்ததற்குப் பெயர் மருந்து உற்பத்தி.

ஆன்டிபயாடிக் மலிந்தது, சிறுநீரைப் பிடிக்கும் அவசியம் போனது, கோழிப்பண்ணை, மாட்டுப்பண்ணை, இறால் குட்டை என்று மருந்து எங்கும் கொட்டியது. இந்தியாவில் அது மலிந்ததற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1970-ன் காப்புரிமைச் சட்டம், மருந்துக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்று வைத்தது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்யலாம் என்றானது. ஐதராபாத்தில் சோவியத் உதவியோடு எழுந்த அரசு மருந்து ஆலையான ஐ.டி.பி.எல். அதற்குத் தேவையான வேதியியலாளர்களை வளர்த்துவிட்டது. நகரத்துக்கு வெளியே பட்டன்சேருவிலும் பொல்லாரத்திலும் ஆலைகள் பெருகின. உலகத்தின் ஏழைகளுக்கு எட்டாத மருந்தை எட்ட வைத்த நகல் இது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஆலைக் கழிவு எங்கே போயிற்று என்றும் பார்க்க வேண்டும்.

பார்த்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். ஜோகிம் லார்சனும் இரு சக ஆய்வாளர்களும் பட்டன்சேருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த பொது நிலையத்திலிருந்து வெளியேறும் நீரைச் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட இது பல மடங்கு. நாளொன்றுக்கு 45 கிலோ வெளியேறியது என்று கணக்கிட்டார்கள். ஸ்வீடன் நாடு முழுவதும், 90 லட்சம் பேர், ஐந்து நாளில் சாப்பிடும் அளவு அது. ‘சுத்திகரித்த’ நீரில்! அங்கே இருந்த நுண்ணுயிர்த் தொட்டிகள் கிருமிகளைக் கொண்டு கழிவைத் தின்ன வைப்பவை. கிருமிகளைக் கொல்லும் மருந்தைக் கிருமிகளிடமே கொடுத்துத் தின்னச் சொன்னால், மருந்தைத் தாங்கப் பழகியவைதான் அங்கே பிழைக்கும். மருந்துக்கு மசியாத கிருமிகளால் மட்டும் 2019-ல் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது லான்செட் இதழ் வெளியிட்ட மதிப்பீடு. அத்தனை பழியும் தண்ணீரின் தலையில் விழாது. வீணாக எழுதப்படும் மருந்துச் சீட்டுகளுக்கும் பண்ணைகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

கரியைத் திரும்பக் கூப்பிட்டது இந்தக் கட்டத்தில்தான். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், சல்ஃபாமெதாக்சசோல் போன்றவை வளைய வடிவத் தட்டை மூலக்கூறுகளைக் கொண்டவை. கரியின் உடம்போ கரிம அணுக்களின் மெல்லிய தகடுகளால் ஆனது. அடுக்கிய அப்பளங்களுக்கு நடுவே இன்னோர் அப்பளம் செருகிக்கொள்வது போல மருந்து அந்தத் தகடுகளில் படிந்துவிடுகிறது. வேதியியல் பாடநூல் இதைப் பரப்பு கவர்தல் என்கிறது. எந்தக் கழிவிலிருந்து வந்த கரி என்பதைவிட, எத்தனை டிகிரியில் சுட்டது, எதைக்கொண்டு துளையிட்டது என்பதே முக்கியம். அதனால்தான் எந்த ஊரில் எது குப்பையோ அதை ஆய்வாளர்கள் உலையில் போட்டுப் பார்க்கிறார்கள். தஞ்சாவூர் பக்கம் உமி, சர்க்கரை ஆலைப் பக்கம் சக்கை, ராமநாதபுரத்தில் மூட்டம் போடும் சீமைக் கருவேலம். இரும்பு உப்பில் ஊறவைத்துச் சுட்டால் கரிக்குக் காந்தம் பிடிக்கும் குணம் வந்துவிடும். தண்ணீரில் கலக்கிவிட்டுக் காந்தத்தால் அள்ளிவிடலாம். நகரத்துச் சாக்கடைக் கசடையே கரியாக்கி, அதே சாக்கடை நீரை அதைக்கொண்டு சுத்தம் செய்யும் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

பிடித்தது என்பதற்காகக் குறையை மறைக்கக் கூடாது. கட்டுரைகளில் காணும் 95 சதவீதம், 99 சதவீதம் எல்லாம் பெரும்பாலும் சுத்த நீரில் ஒரே ஒரு மருந்தைக் கரைத்துச் செய்த சோதனையின் கணக்கு. நிஜச் சாக்கடையில் சோப்பு, எண்ணெய், அழுகிய இலைச்சத்து எல்லாம் முந்திக்கொண்டு கரியின் துளைகளில் உட்கார்ந்துவிடும். மருந்துக்கு இடம் கிடைக்காது. நீரின் காரத்தன்மை கூடினால் சல்ஃபாமெதாக்சசோல் எதிர் மின்னேற்றம் பெறும். கரியின் மேற்பரப்பும் அப்படியே ஆகும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடும். ஃபிராங்க்லாண்ட் கண்ட பழைய வியாதியும் போகவில்லை. கரிப் படுகையில் கிருமிகள் பாசியாகப் படியும். பக்கத்திலேயே ஆன்டிபயாடிக்கும் சேர்ந்து கிடக்கும். மருந்தைத் தாங்கும் மரபணுக்கள் அங்கே கைமாறுமா என்பதை இப்போது ஆய்வாளர்கள் கவலையோடு பார்க்கிறார்கள்.

பணம் இருக்கும் நாடுகள் காத்திருக்கவில்லை. சுவிட்சர்லாந்து 2016 முதல் தன் பெரிய கழிவுநீர் நிலையங்களில் ஓசோன் அல்லது தூண்டிய கரியைக் கட்டாயமாக்கிவருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ம் வருடத்துச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், இந்தக் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் கொடுக்க வேண்டும் என்றது. நிறுவனங்கள் வழக்குப் போட்டிருக்கின்றன. இந்தியா 2020 ஜனவரியில் மருந்தாலைக் கழிவில் எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரைவு வெளியிட்டது. மறு வருடம் இறுதி விதிகள் வந்தபோது அந்தப் பட்டியலைக் காணோம். எல்லை இல்லாத இடத்தில் ஆலைக்காரர் கரி வாங்க என்ன அவசரம்?

அந்தக் கரி பெரும்பாலும் எங்கிருந்து போகிறது என்பதைக் கேட்டால் நம் ஊருக்கு வந்து சேர்வோம். 1973-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்காவின் தென் டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் சுரங்கம், சயனைடில் கரைந்த தங்கத்தைக் கரியால் பிடிக்கும் முறையைப் பெரிய அளவில் தொடங்கியது. அதே வருடம் இலங்கையில் சிரட்டைக் கரியைத் தூண்டி ஏற்றுமதி செய்ய ஹேகார்ப் நிறுவனம் பிறந்தது. சுரங்கத்தில் கரி உரசி உடையாமல் இருக்க வேண்டும். அதற்கு சிரட்டையை மிஞ்ச ஆளில்லை. தங்கத்துக்கும் தண்ணீருக்கும் சேர்த்து உலகம் சிரட்டை கேட்டது. தமிழ்நாட்டில் காங்கேயம், வெள்ளகோவில், பல்லடம் பக்கம் கொப்பரைக் களங்களில் மிஞ்சிய தேங்காய்த் தொட்டிக்கு (சிரட்டைக்கு அங்கே அதுதான் பெயர்) வண்டி வந்து நின்றது.

தொட்டிக் கரி சுடுவது பழைய வேலைதான். குழியில் கொட்டித் தீ வைத்து, காற்றைக் குறைத்து, வெந்ததும் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். புகை ஊரெல்லாம் போகும். அணைத்த தண்ணீர் பீனாலோடு மண்ணில் இறங்கும். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் நிறம் மாறி வருகிறது என்று விவசாயிகள் வருடக்கணக்காக மனு கொடுத்துவருகிறார்கள், மறியல் செய்திருக்கிறார்கள். சிகாகோவில் கரி துரத்திய அதே பீனால், கரி பிறக்கும் ஊரின் கிணற்றில். மூடிய உலையில் சுட்டு, புகையைப் பிடித்து எரித்து மின்சாரமாக்கும் முறை இலங்கையின் படல்கமவில் ஏற்கெனவே நடக்கிறது. செலவு கூடுதல். குழிக்கு முதலீடு ஒரு கடப்பாரையும் மண்வெட்டியும் போதும்.

மருந்தைப் பிடித்து நிரம்பிய கரியை வயலில் எருவாகக் கொட்டலாம் என்று சிலர் சொல்லக் கேட்டால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெப்டோமைசினை விட்ட கரி மண்ணிலும் விடும். முறையாகச் செய்பவர்கள் அதைத் திருப்பி வாங்கி, சுமார் 800 டிகிரி உலையில் சுட்டு, மருந்தை எரித்துவிட்டுக் கரியை மீட்கிறார்கள். ஒவ்வொரு சூட்டிலும் பத்தில் ஒரு பங்கு வரை கரி எரிந்து குறையும். அந்தக் குறையை ஈடுகட்டப் புதுக் கரி வாங்க வேண்டும்; காங்கேயத்துக்கு அடுத்த லாரி வரும்.